தாத்தாவின் பற்று நோட்டுகளை யாரிடம் கொடுப்பது?

பாகான்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். ஒரு யோசனை கேட்க வந்திருக்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

மலேசியாவில், பினாங்கு மாநிலத்து நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்து வாசலில் என் தாத்தா மளிகைக்கடை வைத்திருந்தார். இப்போது தோட்டமும் இல்லை, தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களும் இல்லை, எல்லாம் வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. போன மாதம் பெரியப்பா வீட்டைக் காலி செய்தபோது ஒரு பெரிய பிஸ்கட் டின் கிடைத்தது. தூக்கிப் போடவிருந்ததை அண்ணி கடைசி நிமிடத்தில் எடுத்து வைத்தார். உள்ளே நீளவாக்கில் தைத்த மூன்று பற்று நோட்டுகள், தோட்டத்து மாரியம்மன் திருவிழா நோட்டீஸ்கள், பழைய கல்யாணப் பத்திரிகைகள், அப்புறம் தோட்டத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக நிற்கும் ஒரு படம்.

நோட்டில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பக்கம். மேலே பெயர், லய எண், எந்தக் கங்காணியின் ஆள் என்பது. கீழே அரிசி, கருவாடு, மண்ணெண்ணெய், வெற்றிலை, பக்கத்தில் விலை, வெள்ளியும் காசுமாக. சம்பள நாளில் குறுக்கே ஒரு கோடு, கணக்குத் தீர்ந்தது. மூன்றாவது நோட்டுதான் என்னைத் தூங்கவிடவில்லை. அதில் அரிசி கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போய், பக்கத்துக்குப் பக்கம் மரவள்ளிக்கிழங்கு, மரவள்ளிக்கிழங்கு என்றே வருகிறது. பதினான்கு பெயர்களுக்குப் பக்கத்தில் தாத்தா சின்னதாக 'சயாம்' என்று எழுதியிருக்கிறார். அந்தப் பதினான்கு கணக்குகளிலும் கோடு இல்லை. அந்த நோட்டின் அட்டையில் 2603 என்று ஓர் எண் வேறு இருக்கிறது, பில் நம்பரா என்னவென்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

சயாம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும், ஜப்பான்காரன் காலத்தில் ரயில்பாதை போடத் தோட்டத்து ஆட்களைக் கொண்டுபோன இடம், இன்றைய தாய்லாந்து. எங்கள் வீட்டில் அதைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே பாட்டி எழுந்து போய்விடுவார். இதை வீட்டில் வைத்திருந்தால் இன்னும் பத்து வருஷத்தில் கரையான் தின்றுவிடும். பொதுநூலகத்தில் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்களா? தமிழில் கையால் எழுதின நோட்டை அங்கே யார் படிப்பார்கள்? அண்ணன் லேமினேட் செய்துவிடலாம் என்கிறார், செய்யலாமா?

தண்ணீர்மலை அக்கா:
தம்பி, லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள், இன்றைக்கே அண்ணனிடம் சொல்லிவிடுங்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைக் காகிதத்துக்குச் சேதமில்லாமல் பிரித்தெடுக்க முடியாது. செலோ டேப்பும் வேண்டாம், அதன் பசை மஞ்சளாகி எழுத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். நான் முப்பது வருஷம் நூலக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வெள்ளத்தில் நனைந்து வந்த புத்தகத்தைக்கூட ஓரளவு காப்பாற்றியிருக்கிறோம், லேமினேட் செய்து கொண்டுவந்ததை ஒன்றும் செய்ய முடிந்ததில்லை.

துருப்பிடித்த குண்டூசி, ஸ்டேப்பிள் இருந்தால் மெதுவாக எடுத்துவிடுங்கள், வராவிட்டால் இழுக்காதீர்கள். அந்த டின்னும் வேண்டாம், மூடி இறுகினால் உள்ளே வேர்க்கும். நம் ஊரில் காற்றில் ஈரம் 80 சதவீதத்துக்குச் சாதாரணமாகப் போகும், காகிதத்துக்கு 50 பக்கம் இருந்தால் நல்லது. நல்ல அட்டைப் பெட்டியில் படுக்கவைத்து, தரையில் வைக்காமல், வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில் வையுங்கள். ராமபாணப் பூச்சி இருட்டும் ஈரமும் உள்ள இடத்தைத் தேடித்தான் வரும், அதனால் மாதம் ஒரு தடவையாவது திறந்து பாருங்கள்.

அடுத்த வேலை படம் எடுப்பது. ஜன்னலோரம், பகல் வெளிச்சம், பிளாஷ் வேண்டாம். போனே போதும், ஆனால் ஒரு பக்கம்கூட விடாதீர்கள், வெற்றுப் பக்கத்தையும் எடுங்கள், இல்லையென்றால் பிறகு ஏதோ பக்கம் தொலைந்துவிட்டதோ என்ற சந்தேகம் வரும். கோப்புக்கு நோட்டு எண், பக்க எண் என்று பெயர் வையுங்கள். பள்ளிப் படத்தை மட்டும் கடையில் கொடுத்து 600 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்துவிடுங்கள், முகம் தெரிய வேண்டுமே.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பொதுநூலகம் வேறு, ஆவணக் காப்பகம் வேறு. பினாங்கில் பொதுநூலகத்தின் கதை 1817-இல் தொடங்குகிறது, ஊர் வரலாற்றுப் புத்தகங்களைத் தேடுகிறவர்கள் முதலில் போகிற இடம் அதுதான். ஆனால் கையெழுத்து மூலத்தைக் குளிரும் ஈரமும் அளந்து பல காலம் காப்பது ஆர்க்கிப் நெகாராவின், அதாவது தேசிய ஆவணக் காப்பகத்தின் வேலை. கோலாலம்பூரில் தலைமையகம், பினாங்கிலும் கிளை இருக்கிறது. தனியார் குடும்பங்களிடமிருந்தும் ஆவணங்களை வாங்கிக்கொள்கிறார்கள். மூலம் அங்கே, படியெடுத்தது பொதுநூலகத்தில், இன்னொரு படி உங்கள் வீட்டில். என் யோசனை இதுதான்.

அச்சடித்தது கதை வேறு. 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்த நாட்டில் எதை அச்சிட்டு வெளியிட்டாலும் ஐந்து பிரதிகளைத் தேசிய நூலகத்துக்குக் கொடுக்க வேண்டும். நம் கோயில் கும்பாபிஷேக மலர், பள்ளி ஆண்டு மலர் போட்ட எத்தனை கமிட்டிக்கு இது தெரியும்? பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலில் தைப்பூசத்துக்குப் போட்ட எத்தனையோ வருஷத்து மலர்கள் யார் வீட்டு அலமாரியிலோதான் கிடக்கின்றன. கமிட்டியில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து அடுத்த மலருக்காவது ஐந்து பிரதி எடுத்து வையுங்கள்.

செந்தூல் வாசகன்:
அக்கா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். எழுதி வாங்காமல் எதையும் கையை விட்டு அனுப்பாதீர்கள்.

என் அப்பா கோலாலம்பூர் செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர். அவர் வைத்திருந்த படங்கள் ஏழு, பட்டறை ஆட்கள் வேலை உடையோடு என்ஜின் முன்னால் நிற்கும் படங்கள். ஒரு கண்காட்சிக்கு வேண்டும் என்று வந்து கேட்டார்கள், பெருமையோடு கொடுத்தோம். கண்காட்சி முடிந்து இரண்டு வருஷம் அலைந்தேன். பொறுப்பில் இருந்தவர் மாறிவிட்டார், புதியவருக்கு விஷயமே தெரியவில்லை, என்னிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. இரண்டு திரும்பி வந்தன, ஐந்து போயே போய்விட்டன. அப்பா இருந்தவரை அந்த ஐந்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அதனால் பட்டியல் போடுங்கள். என்ன பொருள், எத்தனை பக்கம், என்ன நிலையில் இருக்கிறது. கொடையா, இரவலா என்று தெளிவாக எழுத வேண்டும். யார் பார்க்கலாம், இணையத்தில் போடலாமா, படி உங்களுக்கு உண்டா, இதையெல்லாம் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேளுங்கள், நல்ல இடமாக இருந்தால் அவர்களே படிவத்தோடு வருவார்கள். பற்று நோட்டில் யார் எவ்வளவு கடன் என்று இருக்கிறதே, அந்தக் குடும்பத்துப் பேரப்பிள்ளைகள் இன்னும் அந்தப் பக்கம்தான் இருப்பார்கள், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

நேசன் வாசகி:
2603 பில் நம்பர் இல்லைங்க! அது ஜப்பான்காரன் ஆண்டுக் கணக்கு. ஆக்கிரமிப்புக் காலத்தில் மலாயாவில் அவர்கள் வருஷத்தைத்தான் எழுத வேண்டியிருந்தது. நம் ஆண்டோடு 660 கூட்டினால் வரும். 2603 என்றால் 1943.

அப்படியென்றால் உங்கள் நோட்டு எழுதப்பட்டது சயாம் ரயில்பாதை வேலை நடந்த அதே வருஷம். 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள், சுமார் 415 கிலோமீட்டர், மலாயாத் தோட்டங்களிலிருந்து நம் ஆட்களை ஆயிரக்கணக்கில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்தப் பாதை ஓடிய தாய்லாந்துக் காஞ்சனபுரிக்கு நான் போயிருக்கிறேன். அங்கே அந்த வேலையில் இறந்த போர்க்கைதிகளுக்குக் கிட்டத்தட்ட 7,000 கல்லறைகள், வரிசை வரிசையாக, பெரும்பாலானவற்றில் பெயரும் படைப்பிரிவும் வயதும் செதுக்கியிருக்கிறார்கள். நம் தோட்டத்து ஆட்களுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. வெயிலில் அந்தக் கற்களைப் படித்துக்கொண்டே நடந்தபோது, நம் ஆட்களின் பெயரை யாராவது எங்கேயாவது எழுதி வைத்திருப்பார்களா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். உங்கள் தாத்தா எழுதி வைத்திருக்கிறார் தம்பி, பதினான்கு பேர், லய எண்ணோடு.

ஆர்க்கிப் நெகாராவுக்குப் போகும்போது இதை வெறும் கடைக்கணக்கு என்று சொல்லாதீர்கள். 1943-ஆம் வருஷத்து நோட்டு, சயாமுக்குப் போனவர்களின் பெயர் இருக்கிறது என்று முதல் வரியிலேயே மலாயில் எழுதிக் கொடுங்கள். தமிழ் படிக்கத் தெரியாத அதிகாரி கையில் எடுத்தாலும் அது என்ன என்று புரிய வேண்டும். முடிந்தால் பெயர்களை மட்டும் ரோமன் எழுத்தில் தனித்தாளில் எழுதி இணையுங்கள், நாளைக்கு எங்கேயோ இருந்து ஒரு பேத்தி கணினியில் தேடினால் அகப்பட அதுதான் வழி.

தோட்டத்தைப் பற்றித் தேட சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி இணையதளத்தைப் பாருங்கள். பழைய பினாங்கு ஆங்கிலப் பத்திரிகைகள் இருக்கின்றன, தமிழ் முரசும் இருக்கிறது. தோட்டப் பெயரை மூன்று நான்கு எழுத்துக்கூட்டலில் போட்டுத் தேடுங்கள், அந்தக் காலத்தில் ஆளுக்கு ஒரு மாதிரி எழுதினார்கள். தமிழ் நேசன் பத்திரிகை 1924-இல் தொடங்கி 2019 ஜனவரியில் நின்றுபோனது, எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக வாங்கினோம். அதில் வந்த தோட்டச் செய்திகளை வெட்டி வைத்தவர்கள் இருந்தால் அதையும் தூக்கிப் போடாதீர்கள்.

பாகான்காரன்:
1943 என்று தெரிந்ததும் கை நடுங்கிவிட்டது. அக்கா, லேமினேட் பேச்சு முடிந்தது, அண்ணனே பெட்டி வாங்கி வந்துவிட்டார். படம் எடுத்து முடித்தேன், மூன்று நோட்டும் சேர்த்து 412 பக்கம். செந்தூல் அண்ணே, உங்கள் அப்பா படங்கள் விஷயம் மனதைப் பிசைந்துவிட்டது, பட்டியல் போடாமல் ஒரு தாள்கூட வெளியே போகாது.

சனிக்கிழமை பட்டர்வொர்த்தில் அத்தையைப் பார்க்கப் போனேன். 86 வயது, அந்தத் தோட்டத்துப் பள்ளியில் படித்தவர். ஸ்கேன் செய்த படத்தை ஐபேடில் பெரிதாக்கிக் காட்டினேன், கண்ணாடியைக்கூடப் போடாமல் இரண்டாவது வரிசையில் விரலை வைத்து, இது நான், இது ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட அம்மாவின் மகள் என்று ஆரம்பித்துவிட்டார். பதினொரு பெயர் சொன்னார், எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன், குரலையும் பதிவு செய்தேன்.

அப்புறம் தயங்கித் தயங்கி மூன்றாவது நோட்டை எடுத்தேன். சயாம் என்று எழுதிய முதல் பக்கத்தைப் படித்ததும் அத்தை ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, இந்த ஆள் திரும்பி வந்தார், எனக்கு நினைவிருக்கிறது, கால் ஒன்று இல்லாமல் வந்தார், கடை வாசல் பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பார், உன் தாத்தா கடனைக் கேட்கவே மாட்டார் என்றார். அந்தப் பக்கத்தைத் திரும்பப் பார்த்தேன். கடைசி வரிக்குக் கீழே தாத்தா வேறு மையில் ஒரு டீ என்று எழுதியிருக்கிறார், விலை போடவில்லை.

அத்தை களைத்துவிட்டார், நான்கு பெயரோடு நிறுத்திக்கொண்டோம். மீதிப் பத்துக்கு வரும் சனிக்கிழமை மறுபடியும் போகிறேன். அது முடிந்ததும் பட்டியலோடு ஆர்க்கிப் கிளைக்குப் போவேன், என்ன சொன்னார்கள் என்று இங்கேயே எழுதுகிறேன்.