தாத்தா வீட்டுக் குழு: எஸ்டிக்கு இரண்டு கார்புரேட்டர்

கலா அத்தை: மண்டபத்தில் கேட்கிறார்கள். மாப்பிள்ளை அழைப்புக்குக் கார் வேண்டுமா வேண்டாமா? இன்றைக்கே சொல்லணுமாம்.

தினேஷ்: வேண்டாம் அத்தை. தாத்தாவோட எஸ்டி பைக்கில்தான் வருவேன்.

செல்வி அக்கா: வண்டி எங்கே இருக்கு?

தினேஷ்: சித்தப்பா வீட்டு மாடிப்படிக்குக் கீழே.

நான்: பாதி அங்கே. மீதி கொருக்குப்பேட்டை லேத்தில்.

கலா அத்தை: ஐயோ

பாலு சித்தப்பா: யாரும் பதற வேண்டாம். அது 350 ட்வின். 343 சிசி, இரண்டு சிலிண்டர். ஆனால் காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டர், மைசூரில் செய்யும்போதே ஒன்றுதான் வைத்தார்கள். அந்தக் கலவை மேனிஃபோல்டு என்ற குழாயில் பிரிந்து இரண்டு சிலிண்டருக்கும் போகும். ராஜ்தூத் 350க்குக் கம்பெனியிலேயே இரண்டு. அப்பாவுக்குக் கடைசிவரை அந்த வயிற்றெரிச்சல். அதனால்தான் அலுமினியத்தில் தனித்தனியாக இரண்டு குழாய் கடைந்து, இஞ்சினில் மாட்டும் ஃபிளேஞ்ச் தகட்டோடு ஆர்கான் வெல்டிங் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

செல்வி அக்கா: கார் உண்டா இல்லையா?

பெரியப்பா: ஆர்.சி. இன்னும் யார் பேரில் இருக்கு?

கலா அத்தை: அண்ணா, இப்போ அது வேண்டாம்.

பெரியப்பா: சும்மா கேட்டேன்.

மாமா: காசிமேட்டில் வஞ்சிரம் நன்றாக வருது. மறுவீட்டு விருந்துக்கு எவ்வளவு சொல்லி வைக்க?

பாலு சித்தப்பா: [குரல் பதிவு 4:12]

செல்வி அக்கா: 4 நிமிஷமா!

நான்: கேட்டுவிட்டேன். புதுப்பேட்டை பார்ட்ஸ் கடையில் ஜோடி என்று கொடுத்த 24 எம்.எம். கார்புரேட்டர் இரண்டும் ஜோடி இல்லையாம். பெட்ரோல் வரும் துளை, அந்த மெயின் ஜெட் நம்பர் வேறு வேறு. மாற்றப் போனாராம். மிச்சம் 3 நிமிஷம் பார்க்கிங் சண்டை.

பாலு சித்தப்பா: முக்கியமானதை விட்டுட்டே. வெல்டிங்கில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் காற்று இழுக்கும். டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் பெட்ரோலோடு கலந்துதான் வருது. காற்று கூடினால் சூடு ஏறும், பிஸ்டன் பிடிச்சுக்கும். ஸ்பார்க் பிளக் நுனி காபிப்பொடி நிறத்தில் இருந்தால் சரி. வெளுத்துப் போனால் உடனே நிறுத்தணும்.

கலா அத்தை: எங்கே நிறுத்தணும்? மேளத்துக்கு முன்னாடியா?

தினேஷ்: 😂

கலா அத்தை: சிரிக்காதே. என் கல்யாணத்துக்கு ஜெனரேட்டரை நான் பார்த்துக்கிறேன் என்றவனும் இவன்தான். உன் மாமா இருட்டில் தாலி கட்டினார்.

மாமா: கழுத்து மாறலையே, அதுவே பெரிசு.

பாலு சித்தப்பா: அக்கா, அது டீசல் தீர்ந்தது. என் தப்பில்லை.

பெரியப்பா: டீசல் யார் வாங்கணும்?

செல்வி அக்கா: அப்பா 🙏

தினேஷ்: சித்தப்பா, இன்னும் எத்தனை நாள்?

பாலு சித்தப்பா: வெல்டிங் வெள்ளிக்கிழமை. அப்புறம் ஒரு கேபிளை இரண்டாகப் பிரிக்கணும். கார்புரேட்டருக்குள்ளே காற்று வழியைத் திறக்கும் கதவுதான் ஸ்லைடு, இரண்டு ஸ்லைடும் சேர்ந்து எழும்பணும். ஒரே அளவு டிரில் பிட் இரண்டை எடுத்து, ஸ்லைடுக்கு அடியில் ஒன்று ஒன்றாக வைத்து, ஆக்ஸிலேட்டரை மெதுவாகத் திருகினால் இரண்டும் ஒரே நேரத்தில் விழணும். ஒன்று முந்தினால் வண்டி ஒரு காலில் நொண்டும். ஏர் ஃபில்டர் டப்பாவும் இடிக்குது, அதற்குத் தனி ஃபில்டர்...

செல்வி அக்கா: ஞாயிற்றுக்கிழமை அழைப்பு.

பாலு சித்தப்பா: சனிக்கிழமை எண்ணூர் ரோட்டில் ஒரு ஓட்டம் பார்த்துவிடலாம்.

கலா அத்தை: காருக்கு முன்பணம் கொடுக்கிறேன்.

தினேஷ்: கொடுக்காதீங்க அத்தை!!

கலா அத்தை: பாதி மட்டும்.

பெரியப்பா: பாலு, பழைய மேனிஃபோல்டு?

பாலு சித்தப்பா: பத்திரமாக இருக்கு அண்ணா. வெட்டவே இல்லை.

பெரியப்பா: பழைய கார்புரேட்டரோடு ஒரு பையில் போட்டு மண்டபத்துக்கு எடுத்து வா. ஸ்பேனரும்.

மாமா: 15 கிலோ சொல்லிட்டேன்.

செல்வி அக்கா: எதை?