அவசரம்: டிபீவரில் மைஎஸ்க்யூஎல் லாகின் ஆகவில்லை, நேற்று வரை ஆனது

அரக்கோணம்_பாசஞ்சர்:
வணக்கம். டிபீவர் (டேட்டாபேஸைத் திறந்து பார்க்கும் கருவி) வழியாக மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸுக்கு நேற்று வரை ஒழுங்காக இருந்த கனெக்‌ஷன் காலையிலிருந்து எரர் அடிக்கிறது. பாஸ்வேர்டு சரிதான், நான் எதையும் தொடவில்லை. மதியத்துக்குள் ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். யாராவது சொல்லுங்களேன்.

நிலாச்சோறு:
என்ன எரர் என்று அப்படியே போடுங்கள். சர்வர் எந்த வெர்ஷன்? உங்கள் லேப்டாப்பிலேயே ஓடுகிறதா, வேறு மெஷினா?

கம்பிவேலி:
ஃபயர்வால்தான். மைஎஸ்க்யூஎல் பயன்படுத்தும் 3306 போர்ட்டை யாரோ மூடியிருப்பார்கள். எங்கள் ஆபீஸிலும் இதே கதை.

பழைய_வேர்:
தம்பி, வெர்ஷன், எரர் நம்பர் எதுவும் இல்லாமல் "ஆகவில்லை" என்றால் இங்கே யாரும் ஜோசியம் பார்க்க மாட்டார்கள். முதலில் கேள்வி கேட்கப் பழகுங்கள்.

அரக்கோணம்_பாசஞ்சர்:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். சர்வர் 8.0, ஆபீஸில் வேறு மெஷின். எரர்: "பப்ளிக் கீ ரிட்ரீவல் இஸ் நாட் அலவ்ட்".

கம்பிவேலி:
எதற்கும் ஃபயர்வாலை ஒருமுறை பாருங்கள்.

நிலாச்சோறு:
ஃபயர்வால் இல்லை நண்பரே. போர்ட் மூடியிருந்தால் லாகின் கட்டத்துக்கே வந்திருக்காது. பாசஞ்சர், இரவு சர்வரை யாராவது ரீஸ்டார்ட் செய்தார்களா? டிபீவரில் டிரைவர் ப்ராப்பர்ட்டீஸ் போய் "யூஸ் எஸ்எஸ்எல்" (இணைப்பை என்கிரிப்ட் செய்யும் செட்டிங்) என்ன மதிப்பில் இருக்கிறது என்று பாருங்கள்.

குளத்தங்கரை:
பாஸ்வேர்டில் அட் குறி, ஹாஷ் குறி ஏதாவது இருக்கிறதா? எனக்கு ஒருமுறை அதனால்தான் போனது.

பழைய_வேர்:
இதற்கு ஏன் இவ்வளவு பேச்சு? அந்த யூசரை "ஆல்டர் யூசர்" போட்டு பழைய நேட்டிவ் பாஸ்வேர்டு முறைக்கு மாற்றினால் முடிந்தது. 5.7 வரை எல்லோரும் அப்படித்தான் இருந்தோம்.

அரக்கோணம்_பாசஞ்சர்:
யூஸ் எஸ்எஸ்எல் ஃபால்ஸ் என்று இருக்கிறது. ரீஸ்டார்ட் பற்றிக் கேட்டுச் சொல்கிறேன். இன்னொன்று, இப்போது கமாண்ட் லைனில் அதே யூசரில் போனேன், உடனே போய்விட்டது. அதற்குப் பிறகு டிபீவரும் தானாகவே சரியாகிவிட்டது! ரிப்போர்ட்டை முடித்துவிட்டு வருகிறேன். எல்லோருக்கும் நன்றி.

நிலாச்சோறு:
சரியாகவில்லை, அடுத்த ரீஸ்டார்ட்டில் திரும்ப வரும். கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது.

8.0-இல் டீஃபால்ட் லாகின் முறை "கேச்சிங் ஷா2". ஒரு யூசர் முதல்முறை முழுதாக லாகின் ஆகும்போது பாஸ்வேர்டே சர்வருக்குப் போக வேண்டும். அதற்கு என்கிரிப்ட் ஆன கனெக்‌ஷன் வேண்டும், இல்லையென்றால் சர்வரின் பப்ளிக் கீயால் (யாரும் பூட்டலாம், சர்வர் மட்டுமே திறக்க முடியும்) பூட்டி அனுப்ப வேண்டும். டிபீவரின் பின்னால் இருக்கும் ஜாவா டிரைவர், நாம் அனுமதிக்காமல் அந்தக் கீயைச் சர்வரிடம் கேட்டு வாங்காது. அதுதான் உங்கள் எரர்.

ஒருமுறை வெற்றிகரமாகப் போய்விட்டால் சர்வர் அதை மெமரியில் வைத்துக்கொள்ளும். அடுத்த லாகினுக்குப் பாஸ்வேர்டு போக வேண்டியதில்லை, எஸ்எஸ்எல் இல்லாமலே வேலை நடக்கும். ரீஸ்டார்ட் ஆனாலோ, "ஃப்ளஷ் ப்ரிவிலேஜஸ்" ஓட்டினாலோ அந்த நினைவு காலி. கமாண்ட் லைன் கிளையன்ட் தானாகவே என்கிரிப்ட் செய்து போகும், அதனால் அந்த நினைவில் (கேச்) உங்கள் யூசர் பதிந்துவிட்டது. அதன் தயவில்தான் டிபீவர் இப்போது உள்ளே போகிறது.

பழைய_வேர் ஐயா, நேட்டிவ் முறை 8.4-இல் டீஃபால்ட்டாகவே அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது, 9.0-இல் அடியோடு எடுத்துவிட்டார்கள். இன்று மாற்றினால் அப்கிரேட் அன்று அழ வேண்டியதுதான்.

மின்னல்கொடி:
"அலவ் பப்ளிக் கீ ரிட்ரீவல்" ட்ரூ என்று வைத்தால் போதுமே. நாங்கள் எல்லாரும் அதைத்தான் செய்கிறோம்.

நிலாச்சோறு:
உங்கள் லேப்டாப்புக்குள்ளேயே என்றால் சரி. நெட்வொர்க்கில் வேண்டாம். நடுவில் ஒருவன் உட்கார்ந்து தன் கீயைக் கொடுத்தால் டிரைவர் அதை நம்பி பாஸ்வேர்டைப் பூட்டி அவனிடமே கொடுத்துவிடும்.

மின்னல்கொடி:
ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் யார் வந்து உட்காரப் போகிறார்கள்? அப்படிப் பார்த்தால் எஸ்எஸ்எல் "ரிக்கொயர்ட்" மட்டும் வைத்தால் அதுவும் சர்வரின் அடையாளச் சர்டிஃபிகேட்டைச் சரிபார்க்காது.

நிலாச்சோறு:
அது நியாயமான கேள்வி. அதனால்தான் "வெரிஃபை சிஏ" (சர்டிஃபிகேட்டில் கையெழுத்திட்ட சிஏ யார் என்று சரிபார்க்கும் செட்டிங்) வைக்கச் சொல்வேன். சர்வரின் டேட்டா டைரக்டரியில் சிஏ ஃபைல் பெரும்பாலும் தானாகவே உருவாகியிருக்கும், அதை வாங்கி டிரைவருக்குக் காட்டினால் போதும்.

குளத்தங்கரை:
போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸுக்கு மாறிவிடுங்கள், இந்தத் தலைவலியே இல்லை.

கம்பிவேலி:
அங்கே மட்டும் என்ன? போஸ்ட்கிரஸ் 14-இல் டீஃபால்ட் பாஸ்வேர்டு முறை ஸ்க்ராம் ஆனபோது பழைய டிரைவர் வைத்திருந்தவர்கள் பட்ட பாடு தெரியாதா?

பழைய_வேர்:
தலைப்பை விட்டு எங்கேயோ போகிறோம். 8.4 விஷயம் சரி, ஆனால் இருக்கிற 8.0 சர்வருக்கு நான் சொன்னது இன்றும் ஓடும்.

அரக்கோணம்_பாசஞ்சர்:
விசாரித்தேன், இரவு பேட்ச் போட்டு ரீஸ்டார்ட் செய்திருக்கிறார்கள். இரவில் ஓடும் ஜாவா ஜாப்பும் அதே எரரில் விழுந்திருக்கிறது, காலையில்தான் பார்த்தார்கள். டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்ளும் டிபிஏ அண்ணாவிடம் சிஏ ஃபைல் வாங்கி இரண்டிலும் வெரிஃபை சிஏ போட்டாயிற்று. டெஸ்ட் சர்வரை ரீஸ்டார்ட் செய்து பார்த்தோம், நேராக டிபீவரிலேயே லாகின் ஆகிறது. நன்றி.