முட்டுக்காடு பாலத்தில் பின்னால் கேட்ட சத்தம்

வேளச்சேரியிலிருந்து:

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் பக்கம் போய்த் திரும்பும் அமெச்சூர் சைக்கிள் போட்டிகளைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நான் சொல்லப்போவது பொங்கலுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை நடந்தது. போகும்போது வாடைக்காற்று முதுகைத் தள்ளியதால் வேகம் 42, 43 என்று ஏறியது. திரும்பும்போது அதே காற்று வலப்புறம் கடல் பக்கமிருந்து சாய்வாக முகத்தில் அடிக்க, 33-ஐத் தொடுவதற்கே தொடை எரிந்தது. கோவளம் தாண்டியபோது எங்கள் கூட்டத்தில் பதினைந்து பேர்தான் எஞ்சியிருந்தோம்.

பாலத்தின் மீது இரு பக்கமும் மறைப்பு எதுவும் இல்லை. திடீரென்று வந்த ஒரு வீச்சு என் சைக்கிளை ஒரு சாண் அளவு இடப்பக்கம் நகர்த்தியது. நகர்த்தியது என்றுதான் எழுதுகிறேன். முன்னே சென்றவரின் மறைவைத் தேடி நானே நகர்ந்தேனா என்பது இன்றுவரை எனக்குத் தெளிவாகவில்லை. பின்சக்கரத்தில் டயரோடு டயர் உரசும் ‘ர்ர்ர்’ என்ற ஒலி கேட்டது, சீட் வழியாக ஒரு சிறு அதிர்வு ஏறியது, அதன்பின் யாரோ விழுந்த சத்தமும் தண்ணீர் பாட்டில் ஒன்று சாலையில் உருளும் சத்தமும். நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஒன்பதாவதாக வந்தேன்.

முடிந்த பிறகு, ஆம்புலன்ஸின் பின்படியில் இருபது வயதுகூட நிரம்பாத ஒரு பையன், வலது கையை மார்போடு சேர்த்துக் கட்டியபடி, இடது கையால் வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும், “அண்ணா, நீங்க எத்தனாவது வந்தீங்க?” என்று கேட்டான். அந்தக் கேள்விதான் இன்னும் போகமாட்டேன் என்கிறது.

அண்ணா நகரிலிருந்து:

நீங்கள் வீணாக வருந்துகிறீர்கள். தன் முன்சக்கரத்துக்குத் தானே பொறுப்பு என்பது கூட்டமாக ஓட்டுவோரின் முதல் பாடம். முன்னே செல்பவரின் பின்சக்கரத்தை ஒட்டித் தன் முன்சக்கரத்தை நுழைத்தவர் விழுந்தால், அது அவருடைய கணக்கு. நானும் ஒருமுறை பழைய மகாபலிபுரம் சாலையில் அப்படித்தான் விழுந்தேன். யாரையும் குறை சொல்லவில்லை.

புதிதாகப் போட்டிக்கு வருவோருக்காகச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். முன்னால் உள்ள சக்கரத்தையே உற்றுப் பார்க்காதீர்கள். அவருடைய இடுப்பையும் தோளையும் தாண்டிப் பாருங்கள், ஆபத்து முன்கூட்டியே தெரியும். முழங்கை மடிந்திருக்கட்டும், விறைப்பாக நீட்டிய கை ஒவ்வொரு இடியையும் ஹேண்டில்பாருக்கு அனுப்பிவிடும். சக்கரம் உரசிவிட்டால், பயந்து வெளிப்பக்கம் திருப்பாமல், உரசும் பக்கமே லேசாகச் சாய்ந்து, பெடலை நிறுத்தாமல் மெல்லப் பின்வாங்குங்கள். புல்வெளியில் நண்பர் ஒருவரோடு மெதுவாக ஓட்டி இதைப் பழகலாம். விழுந்து தலையில் அடிபட்ட ஹெல்மெட்டை, வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும், மறுபடி அணியாதீர்கள். அந்தப் பையனிடம் இதையாவது சொல்லியிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பெரம்பூரிலிருந்து:

மேலே எழுதியவர் சொல்லும் விதி நேர்க்காற்றுக்குப் பொருந்தும். அன்று அடித்தது பக்கக்காற்று. வலப்புறம் முன்னாலிருந்து காற்று வரும்போது மறைவு நேர்பின்னால் இருப்பதில்லை, இடப்புறம் சற்றே பின்தள்ளி இருக்கிறது. அதனால்தான் கூட்டம் சாலையின் இடது ஓரத்தை நோக்கிச் சாய்வரிசையாக விரிகிறது, அந்த வரிசையில் சக்கரங்கள் ஒன்றையொன்று தாண்டி நிற்கவே செய்யும். மேடே இல்லாத சாலையில் முதன்மையான எதிரி காற்றுதான். அதை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் மும்மடியில் ஏறுகிறது. பின்னால் ஒட்டிச் செல்பவருக்கு அதில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை மிச்சம். அந்த மிச்சத்தைத் தேடி அங்கே நின்ற பையனைத் தப்புச் செய்தவன் என்று வீட்டில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வது எளிது.

என் கதை வேறு. பெண்களையும் ஆண்களையும் ஒன்றாகக் கிளப்பிவிட்ட ஒரு போட்டியில், திரும்பும் வழியில் நான் முன்னால் போய்விட்டேன். இரண்டு நிமிடம் எதிர்க்காற்றைத் தாங்கிய பிறகு, அடுத்தவர் முன்னால் வரட்டும் என்று வலது முழங்கையை அசைத்தேன். யாரும் வரவில்லை. மறுபடியும் அசைத்தேன். பின்னாலிருந்து ஒருவர், “நல்லாத்தான் ஓட்டுறீங்க மேடம், போங்க” என்றார். எட்டுப் பேர் சிரித்தார்கள். பிறகு, கடைசி 300 மீட்டரில், அந்த எட்டுப் பேரும் என்னைக் கடந்து போனார்கள். இத்தனைக்கும் அவர்களில் இருவர் வாரந்தோறும் என்னோடு பயிற்சி செய்பவர்கள்.

அண்ணா நகரிலிருந்து:

சாய்வரிசையிலும் இடம் விட்டு ஓட்டலாம். முழங்கையை அசைத்தும் யாரும் வராவிட்டால், நீங்களே வேகத்தைக் குறைத்து ஓரமாக ஒதுங்கியிருக்க வேண்டும். எட்டுப் பேரையும் இழுத்துக்கொண்டு வந்தது உங்கள் முடிவுதானே?

வேளச்சேரியிலிருந்து:

ஹெல்மெட்டைப் பற்றிச் சொல்லவில்லை. “ஒன்பதாவது” என்று மட்டும் சொன்னேன், “சூப்பர்ணா” என்றான்.

விதியைப் பற்றிய வாதத்தில் நான் நுழையவில்லை. நேற்று இரவு சைக்கிள் கம்ப்யூட்டரின் பதிவை மறுபடி திறந்து பார்த்தேன். பாலத்தில் அந்தச் சத்தம் கேட்ட இடத்துக்குப் பிந்தைய பத்து நொடிகளில் என் வேகம் 33-இலிருந்து 36-க்கு ஏறியிருக்கிறது.