மரம் வெட்டும் வேலை: மழைக்காலத்தில் போன் ஓயவில்லை, கையில் காசு நிற்கவில்லை. எங்கே ஓட்டை?

கிளைவெட்டி (கேள்வி)

வணக்கம். தாம்பரத்துக்குத் தெற்கே நானும் மூன்று ஆட்களும் மரம் வெட்டும் வேலை எடுத்துச் செய்கிறோம். சொந்தமாக இருப்பது ஒரு செயின் சா, கயிறு, ஏணி, அரிவாள். வண்டி வாடகைக்குத்தான். புரட்டாசி பிறந்தால் போதும், வேலை வந்து குவியும். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்த அடியைப் பார்த்தவர்கள், இன்றைக்கும் காற்றழுத்தம் என்று செய்தியில் சொன்னதும் மொட்டை மாடிக்குப் போய்க் கிளையைத்தான் பார்க்கிறார்கள்.

ஆனால் மாசக் கடைசியில் பார்த்தால் ஒன்றும் மிஞ்சவில்லை. சமீபத்திய வேலை ஒன்றின் கணக்கு இது. வீட்டுக்கும் காம்பவுண்டுக்கும் நடுவில் ஒரு தூங்குமூஞ்சி மரம். 14,000 பேசினேன். ஆள் கூலி இரண்டு நாளுக்கு 6,600. குட்டியானை (சின்ன லோடு வண்டி) மூன்று நடை 4,500. பெட்ரோல், ஆயில் 900. டீ, சாப்பாடு 800. மிச்சம் 1,200. பணம் வாங்கும்போது வீட்டுக்காரர், "மரத்தை நீங்கதானே எடுத்துட்டுப் போனீங்க, அதுக்கு ஒரு காசு கிடைக்கும் இல்ல?" என்று 1,000 பிடித்துக்கொண்டார்.

இதோடு மெஷினும் படுத்துகிறது. அரை மணி நன்றாக ஓடும், அப்புறம் மூச்சுத் திணறுகிற மாதிரி இழுத்து நின்றுவிடும். கயிறு இழுத்துத் தோள்தான் போகிறது. கால் மணி ஆறவிட்டால் ஒன்றும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். மரத்தின் மேலே ஆள் காத்திருக்க, கீழே நாங்கள் மெஷினைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

விலை பேசுவதில் என்ன மாற்றலாம்? மெஷினுக்கு என்ன கோளாறு? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

செங்கல்பட்டு மரக்காரன்

தம்பி, கூலியும் வண்டியும் நியாயமாகத்தான் இருக்கிறது. மரத்தைப் பார்த்து விலை சொல்கிறீர்கள், அதுதான் இடிக்கிறது. மரம் எங்கே விழப்போகிறது, விழுந்த பிறகு எங்கே போகப்போகிறது என்பதைப் பார்த்து விலை சொல்ல வேண்டும்.

காலி மனையில் நிற்கும் நாற்பதடி மரத்தை வாய்வெட்டு (சாயும் பக்கம் ஆப்பு வடிவில் போடும் வெட்டு) போட்டுச் சாய்த்து, மதியச் சாப்பாட்டுக்குள் துண்டு போட்டுவிடலாம். அதே மரம் இரண்டு சுவருக்கு நடுவில் நின்றால் ஒவ்வொரு கிளையையும் கயிறு கட்டித்தான் இறக்க வேண்டும். கீழே தண்ணித் தொட்டி, ஏசி அவுட்டோர், பக்கத்து வீட்டு ஆஸ்பெஸ்டாஸ். இது இன்னொரு வேலை, இன்னொரு விலை. உங்கள் தூங்குமூஞ்சி இரண்டாம் நாளுக்குப் போனது இதனால்தான்.

நான் வீட்டுக்காரரிடம் மூன்றாகப் பிரித்துச் சொல்வேன்: வெட்ட இவ்வளவு, கட்டி இறக்க இவ்வளவு, அள்ளிக்கொண்டு போக இவ்வளவு. "அள்ள வேண்டாம், தோட்டத்திலேயே போட்டுடுங்க" என்பவர்கள் உண்டு. அவர்களுக்குக் குறையும், நமக்கும் வண்டித் தொல்லை இல்லை. கேட்டில் இருந்து வண்டி நிற்கும் இடம் எவ்வளவு தூரம் என்று கட்டாயம் நடந்து பாருங்கள். முட்டுச்சந்தில் குட்டியானை நுழையாது. தழையைத் தலையில் சுமந்து தெருமுனைக்குக் கொண்டுபோவதிலேயே பாதி நாள் போய்விடும்.

அந்த ஆயிரம் ரூபாய் விஷயம். மரம் என்றாலே காசு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். வேம்பில் நல்ல அடிமரம் இருந்தால் ஆசாரி வாங்குவார். பருத்த தூங்குமூஞ்சிக்கு மரவாடியில் ஏதோ கிடைக்கும். முருங்கையை யாரும் தொடமாட்டார்கள். தென்னந்தடியை இறக்க நாம்தான் ஆள் தேட வேண்டும். இதை வேலைக்கு முன்னாலேயே சொல்லி, "கட்டை எங்களுக்கு, அதைக் கழித்துத்தான் இந்த விலை" என்று போட்டோவோடு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். எழுத்தில் இருந்தால் கடைசி நேரப் பேரம் பாதியாகக் குறையும். முழுக்க நிற்காது, அது நம் ஊர் வழக்கம்.

இரண்டு ஸ்ட்ரோக்

மெஷினுக்கு வருகிறேன். சூட்டில் நிற்பதற்குப் பல காரணம் உண்டு. அது நின்ற அந்த நிமிஷத்திலேயே பார்த்தால்தான் பிடிபடும், ஆறின பிறகு பட்டறைக்குக் கொண்டுபோனால் மெக்கானிக் கையில் சமர்த்தாக ஓடும்.

முதலில் டேங்க் மூடியை மெதுவாகத் தளர்த்துங்கள். சூட்டில் பெட்ரோல் பீச்சலாம், முகத்தைத் தள்ளி வையுங்கள், பக்கத்தில் பீடி கூடாது. காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டு, அதற்குப் பிறகு மெஷின் பிடித்தால் டேங்கின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் குறையக் குறைய உள்ளே காற்று வர வழி இல்லாமல் கார்புரேட்டருக்குப் பெட்ரோல் வராது. நீங்கள் சொல்லும் திணறல் அப்படித்தான் இருக்கிறது.

அது இல்லை என்றால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பிளக்கைத் திரும்ப வயரில் மாட்டி, மெஷினின் உலோகப் பகுதியில் தொட்டபடி கயிறு இழுக்க வேண்டும். சூட்டில் பொறி வரவில்லை, ஆறினதும் வருகிறது என்றால் இக்னிஷன் காயில் போய்விட்டது. பெட்ரோல் கேனைப் பத்தடி தள்ளி வைத்துவிட்டு இதைச் செய்யுங்கள்.

பெட்ரோலில் ஆயில் எவ்வளவு கலக்கிறீர்கள்? கம்பெனி ஆயில் என்றால் பெரும்பாலான மெஷின்களுக்கு லிட்டருக்கு 20 மில்லி. சாதா 2டி (இரண்டு ஸ்ட்ரோக்) ஆயிலுக்கு 40 மில்லி வரை போகச் சொல்லும் கம்பெனிகளும் உண்டு, உங்கள் மெஷின் புத்தகத்தைப் பாருங்கள். ஆயில் குறைந்தால் பிஸ்டன் கீறல் விழும், அப்புறம் செலவு தாங்காது. இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம். அது ஈரத்தை இழுக்கும். வேலை இல்லாத மாதங்களில் டேங்க்கைக் காலி செய்து, மெஷின் தானாக நிற்கும்வரை ஓட்டிவிட்டு வையுங்கள்.

கிளைவெட்டி

மூடியைத் தளர்த்தினேன் அண்ணே, "ஸ்ஸ்" என்று இழுத்தது, இரண்டாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது! காற்றுத் துளை முழுக்க மரத்தூளும் ஆயிலும் கெட்டியாக அடைத்திருந்தது. பல மாசமாக இதற்காகக் கார்புரேட்டரைத்தான் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு ஸ்ட்ரோக்

அந்தக் காற்றுத் துளைச் சாமானைக் குத்திச் சுத்தம் செய்யாதீர்கள், மாற்றிவிடுங்கள். சின்னச் சாமான்தான்.

ஓய்வுபெற்ற லைன்மேன்

கேட்காத விஷயம், ஆனாலும் சொல்கிறேன். மின்கம்பியை ஒட்டிய கிளையை "கொஞ்சம்தானே, மூங்கிலால் தள்ளிவிட்டால் போச்சு" என்று தொடுகிறார்கள். மழையில் நனைந்த பச்சைக் கிளை மின்சாரத்தைக் கடத்தும், 11 கேவி (11,000 வோல்ட்) லைனில் தொடக்கூட வேண்டாம், நெருங்கினாலே போதும். மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் ஏ.ஈ.யிடம் (உதவிப் பொறியாளர்) எழுதிக் கொடுத்து லைன் கிளியர், அதாவது மின்சாரத்தை நிறுத்தி வேலை செய்ய அனுமதி, வாங்குங்கள். போனில் "ஆஃப் பண்ணிட்டோம்" என்று கேட்டதை நம்பி ஏறாதீர்கள். ஊழியர் நேரில் வந்து சோதித்துச் சொன்ன பிறகு ஏறுங்கள். மழைக்கு முன் மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை அறிவிப்பார்கள். அந்த நாளுக்கு வேலையைப் பொருத்திக்கொள்ள முடியுமா என்று அலுவலகத்திலேயே கேளுங்கள்.

இன்னொன்று, வாசலுக்கு வெளியே தெருவோரம் நிற்கும் மரம் வீட்டுக்காரருடையது இல்லை. "நான்தான் வைத்தேன், தண்ணி ஊத்தினேன்" என்பார். வைத்தது அவராக இருக்கலாம். அரசு நிலத்து மரத்துக்கு மாவட்டப் பசுமைக் குழு அனுமதி வேண்டும். வழக்கு வந்தால் மெஷினோடு மாட்டுவது நீங்கள்தான். சந்தன மரம் என்றால் சொந்தத் தோட்டமாக இருந்தாலும் வனத்துறையைக் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

மாடித்தோட்டம்

நான் மரம் வெட்ட ஆள் கூப்பிடுகிற வீட்டுக்காரர் பக்கம். போன வருஷம் ஒருவர் குறைந்த விலை சொன்னார் என்று கொடுத்தேன். முன்பணம் வாங்கி, முருங்கையை வெட்டி, தழையை எங்கள் வீட்டு வாசலிலேயே குவித்துவிட்டுப் போனார். குப்பை வண்டிக்காரர்கள் எடுக்கமாட்டோம் என்றார்கள். மழை பெய்து அழுகி, கம்பளிப்பூச்சி பக்கத்து வீட்டுச் சுவர் ஏறி, நான் அவர்களிடம் பேச்சு வாங்கினேன். மேலே சொன்ன மாதிரி மூன்றாகப் பிரித்துச் சொல்லியிருந்தால், அள்ளுவதற்குத் தனியாகக் கொடுக்க எனக்கு மனசு வந்திருக்கும். எங்களுக்கு வெட்டுவதை விட, வெட்டியது கண்ணில் படாமல் போவதுதான் முக்கியம்.

வேம்பை வெள்ளிக்கிழமை வெட்டச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவர்கள் வீட்டுப் பாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். காலையில் ஏறின பிறகு "இன்னிக்கு வேண்டாம்" என்றால் உங்கள் ஒரு நாள் கூலி போச்சு.

செங்கல்பட்டு மரக்காரன்

அம்மா சொன்னது உண்மை, எனக்கும் நடந்திருக்கிறது.

தம்பி, மாசியில் இருந்து ஆனி வரை என்ன செய்கிறீர்கள்? வெயிலில் நிழலை வெட்ட யாருக்கும் மனசு வராது. அப்போது அடுக்குமாடிகளில் தென்னைக்கு மட்டை கழித்து, காய் இறக்கும் வேலையைப் பிடியுங்கள். மட்டையும் இளநீர்க் குலையும் காரின் மேல் விழுந்த சங்கத்துக்காரர்கள் சொன்ன நாளில் வருகிற ஆளைத்தான் தேடுகிறார்கள். பெரிய பணம் இல்லை, ஆனால் ஆட்களைத் தக்கவைக்கலாம். ஏறுகிற ஆள் ஒருமுறை வேறு கோஷ்டிக்குப் போய்விட்டால் ஐப்பசியில் திரும்பக் கிடைக்கமாட்டான்.

ஆட்கள் பேரில் பிரதமர் சுரக்ஷா பீமா என்ற விபத்துக் காப்பீடு போட்டிருக்கிறீர்களா? வருஷத்துக்கு 20 ரூபாய், வங்கிக் கணக்கில் தானாகப் பிடிப்பார்கள், விபத்தில் இறந்தால் 2 லட்சம். கை ஒடிந்து படுத்தால் இதில் ஒன்றும் வராது, அதற்கு வேறு பாலிசி பார்க்க வேண்டும். எடுக்கும்போது தொழில் "மரம் ஏறுவது" என்று மறைக்காமல் எழுதச் சொல்லுங்கள். கூலியாள் என்று பொதுவாக எழுதிவிட்டுப் பிறகு அல்லாடியவர்களைத் தெரியும்.

கிளைவெட்டி

இரண்டு பேருக்கு இருக்கிறது, ஏறுகிற பையனுக்குத்தான் வங்கிக் கணக்கே முடங்கிக் கிடக்கிறது. திங்கட்கிழமை அழைத்துப் போகிறேன்.

நேற்று ஒரு புங்கைக்கு மூன்றாகப் பிரித்து விலை அனுப்பினேன். "இவ்வளவு விவரமா யாரும் சொன்னதில்லை" என்றவர், அரை மணி கழித்து, "வேற ஒருத்தர் மொத்தமா 3,000 கம்மியா சொல்றார்" என்று எழுதினார். கழிவை எங்கே போடுவார் என்று அவரிடம் கேளுங்கள் என்று மட்டும் பதில் போட்டேன். இன்னும் பதில் வரவில்லை.

இன்னொரு வேலை நாளை மறுநாள். வாசல் வேம்பு, சொந்த மனைக்குள்தான் இருக்கிறது, அளந்து பார்த்துவிட்டேன். அடிமரத்தில் கொடிக்கயிறு கட்டின ஆணி, பழைய டியூஷன் போர்டு ஆணி என்று தெரிகிறது. தெரியாமல் உள்ளே புதைந்தது எத்தனையோ. செயின் புதுசு.

இரண்டு ஸ்ட்ரோக்

புதுச் செயினைக் கழற்றிவிட்டு அடிமரத்துக்குப் பழையதைப் போடுங்கள். ஆணி பெரும்பாலும் தலை உயரத்துக்குள்தான் இருக்கும், அதற்கு மேலே புதுசு. அறுக்கும்போது தூள் சீவலாக விழாமல் மாவாக விழுந்தால் உடனே நிறுத்தி அரம் போடுங்கள். பட்டையில் கறுப்பாகக் கறை இறங்கிய இடம் தெரிந்தால் அங்கே வெட்டாமல் ஒரு சாண் மேலே தள்ளி வெட்டுங்கள். ஆசாரிக்கு விற்பதாக இருந்தால் ஆணி இருப்பதை அவரிடமும் சொல்லிவிடுங்கள்.