ரத்தப் புற்றுநோய் ஆய்வுக்குப் புள்ளியியல்காரன் போகலாமா?

கேள்வி: புள்ளியியலில் பிஎச்டி முடிக்கப்போறேன். ஜெர்மனியில் ஹைடல்பர்கில் ஏஎம்எல் (ஒரு வகை தீவிர ரத்தப் புற்றுநோய்) தரவு அலசும் போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிந்தைய ஆய்வு) வேலைக்கு விண்ணப்பிக்க ஆசை. உயிரியல் படிச்சது பிளஸ் டூவோட சரி. தேறுவேனா?

பதில் 1: தாராளமா. நானும் கணக்குப் பக்கமிருந்து வந்தவள்தான். ஒரு நோயாளியோட ரத்த மாதிரியில் டிஎன்எம்டி3ஏங்கிற ஜீனில் வந்த மாற்றம் 45% ரீடுகளில் (டிஎன்ஏவைத் துண்டு துண்டா வாசிச்ச வரிகள்), என்பிஎம்1ங்கிற ஜீனில் வந்த மாற்றம் 20% ரீடுகளில்னு வைங்க. ஒரு செல்லில் ஒவ்வொரு ஜீனுக்கும் இருக்கிற இரண்டு பிரதியில் ஒன்றில்தான் மாற்றம்னா, இது இருமடங்காகி 90%, 40% செல்கள். கூட்டினா நூறைத் தாண்டுது. அப்போ சில செல்களிலாவது ரெண்டும் சேர்ந்தே இருக்கணும். அதிக செல்களில் இருக்கிறதுதான் அநேகமா முந்தி வந்தது; எது முந்தினதுன்னு இப்படித்தான் துப்புத் துலக்குறோம். இது உங்க ஏரியாதானே? டிசிஜிஏ (புற்றுநோய் மரபணுத் தரவு திரட்டிய அமெரிக்கத் திட்டம்) 2013ல் வெளியிட்ட 200 நோயாளிகளின் ஏஎம்எல் தரவை இறக்கி அலசிப் பாருங்க.

பதில் 2: ஒவ்வொரு செல்லாத் தனித்தனியா வாசிக்கிற ஒற்றைச் செல் தரவில், மாற்றமுள்ள பிரதி வாசிப்பில் விடுபட்டா, மாற்றமுள்ள செல்லும் நல்ல செல்லாட்டம் தெரியும். நேர்காணலில் கேட்க வாய்ப்பிருக்கு.

கேட்டவர்: நன்றிக்கா. ஜெர்மன் தெரியணுமா?

பதில் 1: லேபுக்கு ஆங்கிலம் போதும்பா. வீடு தேடத்தான் ஜெர்மன்!