புரோகிராம் ஓடாம நின்ன நாள்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க

வேதாரண்யம் பொண்ணு:
கஜா புயல் அடிச்சு இருபத்தஞ்சு நாள் கழிச்சுத்தான் எங்க தெருவுக்குக் கரண்ட் வந்துச்சு. 2018 டிசம்பர், கடைசி வருஷ புராஜெக்ட். பைத்தான் மொழிக்கு வேண்டிய துணைத் தொகுப்புகளை நெட்டுலேருந்து இறக்குற பிப் இன்ஸ்டால் போட்டா 'சர்டிஃபிகேட் வெரிஃபை ஃபெயில்டு', அதாவது தளத்தோட சான்றிதழைச் சரிபார்க்க முடியலைன்னு சிவப்பு எழுத்து. டவர் எல்லாம் அப்பத்தான் நிமிருது, நெட்டுதான் கோளாறுன்னு நினைச்சேன். பைத்தானை நாலு தடவை அழிச்சுப் போட்டாச்சு. தென்னை அத்தனையும் சாஞ்சு கெடக்க வாசல்லயே உட்கார்ந்திருந்த அப்பா, தண்ணி குடிக்க உள்ள வந்தவரு, திரை மூலையைப் பார்த்து, "ஏம்மா, இது 2009ன்னு காட்டுது?"ன்னார். மெஷின் அணைஞ்சிருந்தாலும் தேதியைக் காப்பாத்துற, மதர்போர்டுல இருக்கிற பொட்டு பேட்டரி செத்துப்போயிருக்கு. 2009ல நிக்கிற மெஷினுக்கு 2018 சான்றிதழ் எப்படிச் செல்லும்? தேதியை மாத்தினேன், ஓடுச்சு. "நீங்கதான்பா கண்டுபிடிச்சீங்க"ன்னு அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லலை. அதுதான் உறுத்துது.

மன்னார்குடி தம்பி:
அக்கா, நெட் வந்தா விண்டோஸ் தானே நேரத்தைத் திருத்திக்குமே? எனக்கு நம்ப முடியலை.
என் கதை 2021 ஊரடங்குல. அண்ணனோட விண்டோஸ் 7 லேப்டாப். வீட்டுல சிக்னல் கிடையாது, வாய்க்கா மதகு மேல உட்கார்ந்துதான் டவுன்லோடு. டேட்டா மிச்சமாகுமேன்னு பைத்தான் 3.9ல சின்ன ஜிப் ஃபைலை எடுத்தேன். திறந்தா ஒரு டி.எல்.எல். (விண்டோஸ் புரோகிராமுக்கு வேண்டிய துணை ஃபைல்) காணோம்னு பெட்டி. அந்தப் பேரைத் தேடி ஏதோ ஒரு தளத்துலேருந்து எடுத்துப் போட்டேன். அதுக்கப்புறம் லேப்டாப் எழுந்திருக்கவே இல்லை. அண்ணன் கல்யாண போட்டோ எல்லாம் அதுலதான். 3.9 விண்டோஸ் 7ல ஓடாதுன்னு டவுன்லோடு பக்கத்துலயே எழுதியிருந்துச்சு.

வலங்கைமான் வாத்தியார்:
தம்பி, அந்தப் பொண்ணு சொல்றது சரிதான். வித்தியாசம் பதினஞ்சு மணி நேரத்துக்கு மேல போனா, வீட்டு விண்டோஸ் சாதாரணமா தானாத் திருத்தாது. மெஷின் பிளக்குல இருக்கிற வரைக்கும் அந்த பேட்டரிக்கு வேலை கம்மி. கரண்டே இல்லாம வாரக்கணக்குல கெடந்தா பழைய பேட்டரி தாங்காது.
என் மாணவன் ஒருத்தன் பரீட்சை அன்னைக்கு ஃபைலுக்கு 'ரேண்டம்'னு பேர் வச்சுட்டான். உள்ள இம்போர்ட் பண்றதும், அதாவது எடுத்துக் கூப்பிடுறதும், பைத்தானோடவே வர்ற ரேண்டம்ங்கிற மாட்யூலை (ஆயத்த நிரலை). பைத்தான் அவன் ஃபைலையே திரும்ப எடுத்துக்கிச்சு. மணி அடிச்சப்ப அவன் முகம் இருந்த இருப்பு இன்னும் கண்ணுல நிக்குது.
எல்லாரும் ஒண்ணு கேட்டுக்குங்க. எடுத்ததும் ரீ-இன்ஸ்டால் பண்ணாதீங்க. பைத்தான் பிழைச் செய்தியில கடைசி வரியை முதல்ல படிங்க. மாட்யூல் போட்டும் 'இல்லை'ங்குதா? ஒரே மெஷின்ல ரெண்டு பைத்தான் இருக்கும், பிப் ஒண்ணுல போடும், எடிட்டர் இன்னொண்ணை ஓட்டும். சிஸ்ஸை இம்போர்ட் பண்ணி சிஸ் டாட் எக்ஸிக்யூட்டபிளை (sys.executable) பிரிண்ட் பண்ணா எது ஓடுதுன்னு தெரிஞ்சுடும். அந்தப் பைத்தானைக் கொண்டே, மைனஸ் எம் பிப் (-m pip)னு போட்டு இன்ஸ்டால் பண்ணுங்க. புராஜெக்டுக்கு ஒரு வெர்ச்சுவல் என்விரான்மென்ட் (அதோட தொகுப்புகளுக்கான தனி ஃபோல்டர்) வைங்க, அந்த ஃபோல்டரைக் காப்பி பண்ணி அடுத்த மெஷினுக்குத் தூக்கிட்டுப் போகாதீங்க, புதுசா உருவாக்குங்க. கண்ட தளத்துல டி.எல்.எல். எடுக்கவே கூடாது.

திருத்துறைப்பூண்டி விதைக்காரர்:
சார், கடைசி வரியைப் படிச்சும் எனக்கு விளங்கலை. எங்க விதைப் பட்டியல், முதல் பேரே பூங்கார், அப்புறம் குடவாழை, மாப்பிள்ளைச் சம்பா. என் லினக்ஸ்ல ஓடின புரோகிராம், தங்கச்சி விண்டோஸ்ல 'பொசிஷன் 11, பைட் 8டி'ன்னு நின்னுடுச்சு. மறுநாள் நெல் திருவிழா. பைட்னா மெஷின் எழுத்தைச் சேமிக்கிற சின்ன அலகு. ராத்திரி முழுக்க பேப்பர்ல பைட் பைட்டா எண்ணினேன். ப, அதோட ஊகாரக் குறி, ங, அப்புறம் புள்ளி. ஒவ்வொண்ணுக்கும் மூணு பைட். பன்னிரண்டாவது பைட் ங் மேல இருக்கிற புள்ளியோட கடைசி பைட், அதுதான் 8டி. பைத்தான் பூஜ்யத்துலேருந்து எண்ணும், அதனால 11. அந்த மெஷின் ஃபைலைத் திறக்கிற 1252ங்கிற பழைய எழுத்துப் பட்டியல்ல 8டிக்கு எழுத்தே கிடையாது. புள்ளி இல்லாம நம்ம நெல்லு பேரை எப்படி எழுதுறது? ஃபைலைத் திறக்கிற ஓப்பன் வரியில என்கோடிங், அதாவது எழுத்துப் பட்டியல், தமிழும் இருக்கிற யுடிஎஃப்-8னு சேர்த்தேன். விடியக்காலை நாலு மணிக்குத் திரையில பூங்கார் வந்துச்சு, தங்கச்சியை எழுப்பிக் காட்டினேன்.

மன்னார்குடி தம்பி:
சார், மன்னிச்சுக்குங்க, நேரம் விஷயம் தெரியாமக் கேட்டுட்டேன். அந்த ஹார்ட் டிஸ்க்கை வேற மெஷின்ல மாட்டினா போட்டோ கிடைக்குமா?

வலங்கைமான் வாத்தியார்:
ஃபார்மட் பண்ணியிருக்கீங்களா?

மன்னார்குடி தம்பி:
இல்லை சார். அப்படியே பரண்ல இருக்கு.