அம்மாவின் டேரியர் நோய்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் அண்ணன்மார்களே, அக்காமார்களே. மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். அம்மா செம்பனைத் தோட்டத்தில் உதிர்ந்த பழம் பொறுக்குகிறார். பல வருடமாகக் கழுத்திலும் மார்பிலும் பழுப்பு நிறத்தில் சொரசொரப்பான பருக்கள். வெயிலில் வியர்த்தால் எரிச்சல், வாடை வேறு. சொறி என்று நினைத்து மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசினோம்.

போன மாதம் தோல் டாக்டர் அம்மாவின் நகத்தைப் பார்த்தார். சிவப்பும் வெள்ளையுமாக நீளக் கோடுகள், நுனியில் சின்ன வெட்டு. அப்புறம் தோல் துணுக்கு எடுத்துச் சோதித்து டேரியர் நோய் என்றார். தோல் உயிரணுவுக்குள் கால்சியத்தை இறைத்துச் சேமிக்கும் ஒரு பம்பு இருக்கிறதாம். அதன் மரபணுவில் கோளாறு என்பதை 1999இல் கண்டுபிடித்தார்கள். சேமிப்பு குறைந்தால் உயிரணுக்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள முடியாமல் கழன்றுவிடும்.

இது யாருக்கும் தொற்றாது. ஆனாலும் கோயில் அன்னதானத்தில் அம்மாவின் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. அதுதான் மனதை அறுக்கிறது.

பிள்ளைக்கு வர 50 விழுக்காடு வாய்ப்பு என்பதால் என் நகத்தையும் தினமும் பார்க்கிறேன். மரபணுச் சோதனை செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எங்கே, எவ்வளவு செலவு? இந்த நோய்க்குக் கொடுக்கும் அசிட்ரெட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு எப்படி இருந்தது? வெயில் வேலைக்கு எந்தத் துணி தோதாக இருக்கும்? தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.